ஆம் என்று அழுத்திய கை

எனக்கு வாய் நீளம். இதை யாரும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வாயை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஒரு பெரிய நிறுவனத்தின் மின்னஞ்சலையும் கோப்புக் கிடங்கையும் மொத்தமாக எடுத்து, சின்னச் சின்ன அலுவலகங்களுக்குப் பிரித்து விற்பது என் தொழில். கிளவுட், மேகம் என்கிறீர்களே, மழை பெய்தால் என் கோப்பெல்லாம் நனையுமா என்று கேட்ட அச்சகக்காரருக்கே விற்றிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்றதோடு வேலை முடியாது. கடவுச்சொல் மறந்துவிட்டது, கடிதத்தைக் காணவில்லை, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூட வேண்டும் என்று நாள் முழுக்கக் கூப்பிடுவார்கள். அதற்காக எல்லா வாடிக்கையாளர்களின் கணக்குக்குள்ளும் எங்கள் பக்கத்திலிருந்து நுழைய ஒரு வழி உண்டு. ஒரே ஒரு கணக்கு. அதற்குள் போய்விட்டால் பல் மருத்துவமனை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, அச்சகம், என் அக்காவின் மனநல ஆலோசனை மையம் என்று நாற்பத்தொரு இடங்களின் கதவும் திறக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் தலைக்கணக்கு.

தலைக்கணக்கில் நுழையக் கடவுச்சொல் மட்டும் போதாது. கைபேசிக்கு ஒரு கேள்வி வரும்: ‘நுழைய முயல்வது நீங்கள்தானா?’ ஆம் என்று அழுத்தினால்தான் கதவு திறக்கும். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கைபேசி என்று வைத்துக்கொள்ளுங்கள் எனப் பெரிய நிறுவனம் மூன்று முறை சுற்றறிக்கை அனுப்பியது. நாங்கள் நான்கு பேர். நாலு பேருக்கும் ஒரே கணக்கு, ஒரே பழைய கைபேசி. அது பிரிண்டர் மேல் சார்ஜரில் செருகியபடியே கிடக்கும். எங்கேயோ வாடிக்கையாளர் இடத்தில் நிற்கிற எங்கள் ஆள் உள்ளே போக முயன்றால் இங்கே அது சிணுங்கும். “அமுக்கு, அமுக்கு!” என்று ஏதாவது ஒரு மேசையிலிருந்து குரல் வரும். பக்கத்தில் இருப்பவர் அமுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். யார் கேட்டது, எந்த ஊரிலிருந்து கேட்டது என்று ஒருவரும் திரையைப் படித்ததில்லை. நம்ம ஆள்தானே, வேறு யார் கேட்கப் போகிறார்கள்!

ஊரெல்லாம் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவள் அலுவலகத்தின் லட்சணம் இது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி முதலாளி போனில் இருந்தார். அவருக்கு இந்த ஆம், இல்லை சமாச்சாரமே பிடிக்கவில்லை.

“தினம் இத அமுக்கிட்டே இருக்கணுமாம்மா? ரோதனையா இருக்கு. எடுத்து விட்ருங்களேன்.”

“எடுக்கவே கூடாது சார். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. நீங்க உள்ள போகாதப்ப அது கேட்டுச்சுன்னா, எவனோ வாசல்ல நிக்கிறான்னு அர்த்தம். செத்தாலும் ஆம்னு அமுக்கிடாதீங்க.”

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பிரிண்டர் மேல் கைபேசி சிணுங்கியது. நின்றது. மறுபடி சிணுங்கியது. மூன்றாவது தடவையும் விட்டேன். நாலாவது தடவை எரிச்சல் தலைக்கேறியது. எங்கள் தொழில்நுட்ப ஆள் ஒருவன் இருக்கிறான். கழுத்தில் எப்போதும் ஒரு கேபிளை மாலையாகப் போட்டுக்கொண்டு திரிவதால் அவனுக்கு ஒயர் என்று பெயர். அன்றைக்கு அவன் வெளியே போயிருந்தான், மற்ற இருவரும் லீவு. இவன்தான் எங்கேயோ நின்றுகொண்டு உயிரை வாங்குகிறான் என்று நினைத்தேன். முதலாளியிடம் இன்னொரு முறை “செத்தாலும் அமுக்கிடாதீங்க சார்” என்று சொல்லிக்கொண்டே, இடது கையை நீட்டி ஆம் என்று அழுத்தினேன். அடுத்த நிமிஷமே மறந்தும் போனேன்.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளுடைய மையம் மூன்று அறைகள்தான். கல்யாணம் உடைந்தவர்கள், தூக்கம் போனவர்கள், குடியை விட முடியாதவர்கள் வருவார்கள். அவளுக்குக் குரல் உயரவே உயராது. அன்றைக்கு உயர்ந்தது.

“ஏண்டி, என் மெயில்லேருந்து எல்லாருக்கும் என்னமோ போயிருக்குடி! நான் அனுப்பலடி!”

ஓடினேன். மையத்தின் பெயரில் ஒரு கடிதம். ‘உங்கள் அடுத்த சந்திப்பை உறுதிசெய்ய இங்கே சொடுக்கவும்’ என்று ஒரு திருட்டு இணைப்பு. சொடுக்கியவர்கள் நல்ல வேளையாக இரண்டே பேர். ஆனால் கொடுமை அதில் இல்லை. அறுபத்து மூன்று பேருக்கும் அது ஒரே கடிதமாகப் போயிருந்தது. யார் யாருக்குப் போனது என்ற பட்டியல் தலைப்பில் பளிச்சென்று தெரிந்தது. ஒரு பள்ளி ஆசிரியை அங்கே வருவது அவளுடைய மாணவனின் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது; அவர் வருவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிரிந்துவிடலாமா என்று கணவனுக்குத் தெரியாமல் கேட்க வந்த ஒருத்தியின் பெயருக்கு மூன்று பெயர் தள்ளி, அவள் கொழுந்தனின் பெயர் இருந்தது.

இத்தனைக்கும் அந்த மையத்தில் யார் பெயரையும் வாய்விட்டுக் கூப்பிட மாட்டார்கள். வரவேற்பு மேசையில் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு அம்மா இருந்தார். வருகிறவர்களிடம் எண் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுப்பார். அதற்குப் பிறகு அவர்கள் அந்த எண்தான். “ஏழு, உள்ள போங்க” என்பார். தெருவில் அவர்களைப் பார்த்தால் தெரிந்த முகமாகவே காட்டிக்கொள்ள மாட்டார். டோக்கனம்மா என்பது வருகிறவர்களே அவருக்கு வைத்த பெயர். பதினொரு வருஷமாக இருக்கிறார். கணினி மட்டும் அவருக்குப் பூச்சாண்டி. போன வருஷம் அங்கே நான் பாதுகாப்பு வகுப்பு எடுத்தபோது, கடவுச்சொல்லை எழுதிக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தார். அந்தக் கூட்டை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டிச் சிரித்தவள் நான். அவரும் கூடச் சிரித்தார்.

ஆகவே புதன்கிழமை எனக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மையத்தின் கணக்குப் பதிவைத் திறந்தேன். செவ்வாய் பதினொன்றரைக்கு டோக்கனம்மாவின் கைபேசியிலிருந்து ஒரு ‘ஆம்’. போதாதா? அந்த ‘ஆம்’ எந்தக் கணினியிலிருந்து நுழைந்தவருக்குக் கிடைத்தது என்று இன்னொரு சொடுக்கில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

“நேத்து பதினொன்றரைக்கு என்ன அமுக்கினீங்க?” என்று கேட்டேன்.

“டீ குடிச்சிட்டு வந்து உள்ள போனேன் சின்ன மேடம். அதுக்குத்தான் அமுக்கினேன்.”

“நீங்க போனதுக்கா, இல்ல அதுவா வந்ததுக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“நான் போனதுக்குத்தான்னு…”

“நெனைக்கிறீங்க. அதானே? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே டோக்கனம்மா! கேக்காம வந்தா இல்லைன்னு அமுக்குங்கன்னு கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேனே! அறுபத்து மூணு பேரு குடும்பம் இப்ப சந்தி சிரிக்குது!”

அக்கா இருந்தாள். இரண்டு ஆலோசகர்கள் இருந்தார்கள். தண்ணீர்க் கேன் மாற்ற வந்த ஆள்கூடத் தோளிலிருந்த கேனை இறக்காமல் நின்று கேட்டான். டோக்கனம்மா முகத்தில் ஈயாடவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் அமுக்கியிருப்பேனா டாக்டரம்மா?” என்று அக்காவிடம்தான் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஆம் என்று தலையை ஆட்டினேன்.

வியாழக்கிழமை மத்தியானம், பெரிய நிறுவனத்திடம் நான் கேட்டிருந்த முழுப் பதிவேடு வந்து சேர்ந்தது. ஒயர் அதைப் படித்துக்கொண்டிருந்தான். திடீரென்று கழுத்துக் கேபிளைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“மேடம், டோக்கனம்மா கணக்கு வழியா யாரும் வரல.”

“பின்ன?”

“நம்ம தலைக்கணக்கு வழியா வந்திருக்காங்க. செவ்வாய்க்கிழமை பதினொண்ணு நாப்பது. பாஸ்வேர்டு எங்கேயோ கசிஞ்சிருக்கு. ஆனா ஆம்னு அமுக்கினது இந்த போன்.” பிரிண்டரைக் காட்டினான்.

“நீதானடா அன்னிக்கு உள்ள போன?”

“நான் பல் ஆஸ்பத்திரில ஏணி மேல நின்னு கேபிள் இழுத்துட்டு இருந்தேன் மேடம். உள்ளயே போகல.”

என் வாய் ஓட்டுநர் பள்ளி முதலாளிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்ததும் என் கை நீண்டதும் அப்படியே கண்முன் வந்தன. யார் அழுத்தியது என்று ஒயர் கேட்கவில்லை. அன்றைக்கு அலுவலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்பது அவனுக்குத் தெரியும்.

மற்ற நாற்பது இடங்களையும் சல்லடை போட்டோம். எங்கும் நுழையவில்லை. அக்காவின் மையம் பட்டியலில் முதல் பெயர். அந்தக் கடிதம் போனதுமே பெரிய நிறுவனம் சந்தேகப்பட்டுத் தலைக்கணக்கைப் பூட்டியிருக்கிறது. பூட்டியதாக வந்த எச்சரிக்கையையும் நான் படிக்காமல் வழக்கமான தொந்தரவு என்று மூடிவிட்டு, புதுக் கடவுச்சொல் போட்டுத் திறந்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றினோம். நாலு பேருக்கும் நாலு கணக்கு. சும்மா ஆம் என்று அமுக்கினால் போதாது, நுழைகிறவர் திரையில் தெரியும் எண்ணை அவரவர் கைபேசியில் அடிக்க வேண்டும். வாடிக்கையாளர் கூப்பிட்டால் மட்டும், அவர் கணக்குக்கு மட்டும், அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சாவி. நேரமே இல்லை என்று ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

“டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றான் ஒயர்.

“நாளைக்குச் சொல்லிக்கலாம்.”

“ஏன் மேடம் நாளைக்கு?”

“நீ உன் வேலையப் பாரு.”

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழக்கமாக “வரேன் மேடம்” என்பான்.

வெளியே தெரிந்தால் நாற்பத்தொரு வாடிக்கையாளர்களும் ஓடிவிடுவார்கள், நாலு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும், பெரிய நிறுவனத்தின் முழு விசாரணை முடியட்டும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் சப்பைக்கட்டு. அந்த அம்மாவின் முன்னால் போய் நின்று நான்தான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை; அவ்வளவுதான் விஷயம். அதைவிடக் கேவலம் ஒன்றும் செய்தேன். கிளம்புமுன் அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். ‘மிகவும் நுட்பமான தாக்குதல் எனத் தெரிகிறது. பாதுகாப்பைப் பல மடங்கு பலப்படுத்திவிட்டோம்.’ இந்த இரண்டு வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. பொய் என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா கூப்பிட்டாள். குரல் பழையபடி தணிந்திருந்தது.

“டோக்கனம்மா வேலைய விட்டுட்டாங்கடி. நான் போகச் சொல்லல. அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. தப்ப ஒத்துக்கிட்டாங்க.”

“ஒத்துக்கிட்டாங்களா? எத?”

“அமுக்கினதத்தான். எல்லாருக்கும் நானே போன் பண்ணி மன்னிப்புக் கேக்கறேன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. வேண்டாம்னேன், கேக்கல. அறுபத்து மூணு பேருக்கும் பண்ணிட்டாங்க.”

போனில் சொல்ல முடியாது என்று மட்டும் தெரிந்தது. நேரே மையத்துக்குப் போனேன். வரவேற்பு மேசையில் அக்கா உட்கார்ந்து, வந்த ஒருவருக்கு அட்டை தேடிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போகும்வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். தலைக்கணக்கு, பிரிண்டர் மேல் கைபேசி, என் கை, எதையும் விடவில்லை. பூசி மெழுகத் தெரிந்த வாய்க்கு அன்றைக்கு ஒன்றும் கைகொடுக்கவில்லை.

அக்கா நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அவள் தொழிலே அதுதான்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“நேத்து மத்தியானம்.”

“நேத்து சாயங்காலம் எனக்கு மெயில் போட்டியே. நுட்பமான தாக்குதல்னு.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“அவங்க நேத்து அஞ்சு மணிக்கு, இந்த நாற்காலில உக்காந்துதான் போன் பண்ண ஆரம்பிச்சாங்க” என்றாள் அக்கா. “நீ மத்தியானமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு போன்கூடப் பண்ணியிருக்க வேண்டாம். போ. போய் அவங்ககிட்ட சொல்லு. கையோட கூட்டிட்டு வா.”

டோக்கனம்மாவின் வீடு ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாவது தளம். கதவைத் திறந்தது மகள். என்னைப் பார்த்ததும் வழிவிடாமல் நின்றாள்.

“கண்ணாடிக் கூட்டத் தூக்கிக் காட்டினது நீங்கதானே?” என்றாள்.

வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார். சொன்னபோது சிரித்திருக்க மாட்டார் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. நான்தான் என்றேன். உள்ளேயிருந்து டோக்கனம்மா, “யாரு, சின்ன மேடமா? உள்ள விடும்மா” என்றார். கட்டிலில் துவைத்த துணி குவிந்திருந்தது, மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இரண்டாம் முறை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

“அப்போ நான் அமுக்கலையா?” என்றார்.

“இல்லைங்க. நீங்க அமுக்கினது நீங்க உள்ள போனதுக்குத்தான். நீங்க சொன்னதுதான் சரி.”

“ஆனா எனக்கு ஞாபகம் இருக்கே சின்ன மேடம்.” மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். “அது தானா கேட்டது, நான் கண்ணாடி போடாம அமுக்கினது, எல்லாம் ஞாபகம் இருக்கே. மொத நாள் இல்ல. மொத நாள் எவ்வளவு யோசிச்சும் வரல. அப்புறம், சின்ன மேடம் படிச்சவங்க, இவ்வளவு உறுதியாச் சொல்றாங்களேன்னு யோசிக்க யோசிக்க ஒவ்வொண்ணா வந்துச்சு. இப்பகூடக் கண்ண மூடினா தெரியுது.”

நான் அழுதேன். அழ எனக்கு என்ன உரிமை என்று மகள் பார்த்த பார்வையில் அதுவும் நின்றுவிட்டது.

“அக்கா உங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னா. அத்தன பேர் முன்னாடி பேசினேன்ல, அதே ஆளுங்க முன்னாடி நான் மன்னிப்புக் கேக்கறேன். வாங்க.”

“கோவமெல்லாம் இல்ல.” உண்மையாகவே அவர் முகத்தில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “அறுபத்து மூணு பேர்கிட்டயும், உங்க பேர வெளிய விட்டது நாந்தான்னு என் வாயால சொல்லிட்டேன். இனி அவங்க உள்ள வந்து என் மூஞ்சியப் பாத்தா அதானே ஞாபகம் வரும்? இல்லைன்னு நீங்க சொன்னாலும் ஒரு நிமிஷம் வரும். அந்த ஒரு நிமிஷம் அவங்களுக்கு வேண்டாம். ஏற்கெனவே நொந்து போய் வர்றவங்க.”

அவர் துணியை மடிக்க ஆரம்பித்தார். மகள் கதவருகே போய் நின்றாள். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

மையத்துக்குத் தனியாகத் திரும்பியதும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். டோக்கனம்மாவின் கையெழுத்தில் அறுபத்து மூன்று தொலைபேசி எண்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் குறிப்பு: ‘பேசினார்’, ‘அழுதார்’, ‘இனி வர மாட்டாராம்’, ‘ரொம்பக் கோபம்’. முதல் எண்ணின் பக்கத்தில் ‘ரொம்பக் கோபம்’ என்றுதான் இருந்தது.

அதே நாற்காலியில் உட்கார்ந்து அழைத்தேன். வயதான ஒரு குரல் எடுத்தது. மையத்திலிருந்து என்றதும், “நேத்தே ஒரு அம்மா பண்ணிடுச்சே” என்றார் வெடுக்கென்று.

“அவங்க மேல தப்பே இல்லைங்க. இந்த மெயில் கணக்குகளப் பாத்துக்கிற ஆளு நான். திருடன உள்ள விட்டது நான். தெரியாம அவங்க மேல பழி போட்டேன். தெரிஞ்ச பிறகும் ஒரு நாள் வாய மூடிட்டு இருந்தேன்.”

“அடப் பாவமே! அந்த அம்மாவ நான் கண்டபடி திட்டிட்டேனேம்மா. வாயில வரக் கூடாததெல்லாம் வந்துச்சு. ஒரு வார்த்த எதுத்துப் பேசல அவங்க. சரிங்க, சரிங்கன்னே கேட்டுட்டு இருந்தாங்க. போன அவங்ககிட்டக் குடும்மா.”

“அவங்க இங்க இல்லைங்க. வேலைய விட்டுட்டாங்க.”

அவர் உச்சுக்கொட்டினார்.

“என்னைத் திட்டுங்க ஐயா,” என்றேன். “அவங்களச் சொன்னத அப்படியே என்னைச் சொல்லிடுங்க. எனக்குச் சேர வேண்டியதுதானே அது.”

“நேத்து கோவத்துல வந்துச்சும்மா,” என்றார் அவர். “அது இன்னிக்கு எப்படி வரும்?”

போனை வைத்துவிட்டார். நான் அடுத்த எண்ணை அழைத்தேன்.